கருவி காட்டும் எண்ணை எப்பொழுது நம்பலாம்?

முன்பெல்லாம் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமென்றால் வைத்தியரிடம் போக வேண்டும். இரத்தத்தில் சீனியின் அளவு பார்க்க வேண்டுமென்றால் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். இன்று பிரித்தானியாவில் வாழும் எம்மவர் வீடுகளில் அலுமாரியின் ஒரு தட்டைத் திறந்தால் ஒரு சிறிய ஆஸ்பத்திரியே அங்கு இருக்கின்றது. பிரஷர் பார்க்கும் பெட்டி, சீனி பார்க்கும் கருவி, விரலைக் கவ்வும் ஒட்சிசன் மானி, பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் என்று வைத்தியரின் மேசையில் இருந்தவை எல்லாம் எமது சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டன.

இது வரவேற்கத்தக்க மாற்றமே. நீரிழிவும் இருதய நோயும் எம்மவரிடையே அதிகம். வீட்டிலேயே அடிக்கடி அளந்து பார்ப்பவர்களின் நோயை நன்றாகக் கட்டுப்படுத்த முடிகின்றது. ஆனால் கருவியோடு வரும் சிறு புத்தகத்தை வாசிப்பவர்கள் மிகக் குறைவு. வாசிக்க முயன்றாலும் பல மொழிகளில் பொடி எழுத்தில் அச்சிட்ட அந்தப் புத்தகத்தில் பெரும்பாலும் தமிழ் இருப்பதில்லை. ஆகவே பெட்டியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, வருகின்ற எண்ணை அப்படியே நம்பிவிடுகின்றோம்.

பிழையான எண்ணால் இரண்டு விதமான தீங்குகள் நேர்கின்றன. கூடிய எண்ணைக் கண்டு பயந்து நடுச்சாமத்தில் அம்புலன்ஸை அழைப்பது ஒன்று. குறைந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்து, வைத்தியரைக் கேளாமலே குளிசையைப் பாதியாக்குவது மற்றது. வைத்தியன் என்ற முறையில் நான் அதிகம் அஞ்சுவது இரண்டாவதற்குத்தான். பயந்தவர் எப்படியும் வைத்தியரிடம் வந்து சேருவார். மருந்தைத் தானே குறைத்துக்கொண்டவர் வந்து சேருவதற்குள் காலம் கடந்துவிடலாம்.

எந்தக் கருவியும் நோயை நேரே பார்ப்பதில்லை. ஒன்று அதிர்வைப் பார்க்கின்றது, இன்னொன்று ஒரு துளி இரத்தத்தில் எழும் சிறு மின்னோட்டத்தைப் பார்க்கின்றது, வேறொன்று ஒளியைப் பார்க்கின்றது. பார்த்ததை வைத்துக் கணக்கிட்டு ஓர் எண்ணைக் காட்டுகின்றது. எதைப் பார்த்துக் கணக்கிடுகின்றது என்று தெரிந்துகொண்டால் எப்போது பிழைக்கும் என்பதும் விளங்கிவிடும். பெரும்பாலான கோளாறுகளை நாமே வீட்டில் திருத்திக்கொள்ளலாம்.

இரத்த அழுத்தக் கருவி

கையிலே பட்டியைக் கட்டிக் காற்றடைத்து அழுத்தத்தை அளக்கும் முறையை இத்தாலியைச் சேர்ந்த ரிவா ரொச்சி என்னும் வைத்தியர் 1896 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். 1905 ஆம் ஆண்டில் ரஷ்ய வைத்தியர் கொரொட்கொவ், பட்டிக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து நாடியின் ஓசையைக் கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அறியும் வழியைக் காட்டினார். வீட்டில் நாம் வைத்திருக்கும் மின்கருவி ஓசையைக் கேட்பதில்லை. பட்டியிலிருந்து காற்று இறங்கும்போது நாடி எழுப்பும் சிறு அதிர்வுகளைப் பட்டி வழியாக உணர்ந்து, அவற்றிலிருந்து இரண்டு எண்களையும் கணக்கிடுகின்றது. ஆகவே கை அசைந்தாலும், வாய் பேசினாலும், பட்டி தளர்ந்தாலும் கணக்குப் பிழைக்கும்.

கருவி பழுது என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் ஒருவர் எழுபதை நெருங்கும் மூதாட்டி. வீட்டில் எப்போது பார்த்தாலும் 170க்கு மேல், வைத்தியசாலையில் பார்த்தால் 140. எப்படிப் பார்க்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். கம்பளிச் சட்டைக்கு மேலே பட்டியைக் கட்டினார். கையை மடியில் தொங்கவிட்டார். காலுக்கு மேல் காலைப் போட்டார். காற்று ஏறும்போது மகளோடு கதைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டி அவருடைய தடித்த கைக்குப் போதாத சிறிய பட்டி. கருவியில் ஒரு குறையும் இல்லை. ஐந்து பிழைகளையும் திருத்தியதும் எண் இறங்கிவிட்டது. புதிய குளிசை ஒன்று அவருக்குத் தேவைப்படவில்லை.

அந்த ஐந்தில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது பட்டியின் அளவு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவைத் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். வழமையாக வரும் பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரையுள்ள கைகளுக்குரியது. அதற்கு மேல் 42 வரை பெரிய பட்டி வேண்டும். சிறிய பட்டி எண்ணைக் கூட்டிக் காட்டும். 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மிகப் பெரிய பட்டி தேவைப்பட்டவர்களுக்கு வழமையான பட்டியைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 19க்கும் அதிகமாகக் கூடிக் காட்டியது. தேவையற்ற ஒரு குளிசையை ஆயுள் முழுவதும் விழுங்க வைப்பதற்கு இந்த வித்தியாசம் போதும். கணவனும் மனைவியும் ஒரே கருவியை உபயோகிக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒரே பட்டி பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது கையின் உயரம். பட்டி இருதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். கை 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் எண் ஏறக்குறைய 7 அல்லது 8 கூடும். மேசையில் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் கையை வைத்தால் சரியாக இருக்கும்.

மற்றவை எல்லாருக்கும் சுலபமானவை. அளப்பதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்பு தேநீர், கோப்பி, புகைத்தல் வேண்டாம். சலம் கழித்துவிட்டு வந்து இருங்கள். கதிரையில் முதுகைச் சாய்த்து, இரு பாதங்களையும் நிலத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பட்டியை வெறும் தோலின்மேல் கட்டுங்கள். தொலைக்காட்சி நாடகம் ஓடும் நேரத்தில் அளக்க வேண்டாம். முதல் தடவை இரு கைகளிலும் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதன்பின் எண் கூடிய கையிலேயே பார்க்க வேண்டும்.

ஒரு தடவை வந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது ஒரு நிமிடம் என ஏழு நாட்கள் எழுதி வாருங்கள். நான்கு நாட்களாவது வேண்டும். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்க்க வேண்டும். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை உயர் இரத்த அழுத்தம் என்று கொள்வார்கள். வைத்தியசாலையில் அந்த எல்லை 140/90. எழுதும்போது உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். நல்ல எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வருபவர்கள் வைத்தியரை ஏமாற்றுவதாக எண்ணித் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

எண் 180/120க்கு மேல் வந்தால் பதறாமல் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடியும் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கடுந்தலையிடி, பார்வை மங்கல், வாய் கோணல், கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டாம். உடனே 999ஐ அழையுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் எண் இறங்காமல் நின்றால் அன்றைக்கே வைத்தியருடனோ 111 உடனோ பேசுங்கள்.

சில கருவிகளில் நாடி ஒழுங்கின்றி அடிக்கின்றது என்பதற்கு ஒரு சின்னம் தோன்றும். அது கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிட வேண்டாம். நாடி ஒழுங்கற்றவர்களுக்கு இக்கருவிகள் சரியான எண்ணைக் காட்டாமல் விடலாம். அதைவிட முக்கியமாக, அந்த ஒழுங்கின்மை பக்கவாதத்துக்குக் காரணமாகக் கூடியது. சின்னம் மீண்டும் மீண்டும் வந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் மணிக்கட்டில் கட்டுவதை விட்டு மேற்கையில் கட்டுவதையே வாங்குங்கள். பரிசோதித்து ஏற்கப்பட்ட கருவிகளின் பட்டியலைப் பிரித்தானிய, அயர்லாந்து உயர் இரத்த அழுத்தச் சங்கம் வெளியிடுகின்றது. அதில் பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை உங்கள் கருவியையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சீனி பார்க்கும் கருவி

எம்மவர் குடும்பங்களில் மாத்திரம் நேர்கின்ற ஒரு குழப்பத்தை முதலில் சொல்லுகிறேன். பிரித்தானியாவில் இரத்தச் சீனியை மில்லிமோல் கணக்கில் சொல்லுகிறோம். இலங்கையிலும் இந்தியாவிலும் மில்லிகிராம் கணக்கில் சொல்லுகிறார்கள். இங்கிருக்கும் அம்மா தனக்கு 7 என்று சொல்ல, கொழும்பில் இருக்கும் மகன் இது உயிருக்கே ஆபத்தான குறைவென்று நடுங்குகிறான். அங்கிருக்கும் மாமா தனக்கு 126 என்று சொல்ல, இங்குள்ளவர்கள் தலையில் கை வைக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவுதான். எமது எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் வரும். அவர்களுடையதை 18ஆல் வகுத்தால் எமது எண் வரும். 4 என்பது 72, 10 என்பது 180, 15 என்பது 270. இந்த நான்கு சோடிகளையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தால் வீண் தொலைபேசி அழைப்புகள் குறையும். ஊரிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் கருவியில் எந்தக் கணக்கு என்பதை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குழப்பம், ஒரே நேரத்தில் இரண்டு விரல்களில் பார்த்தால் இரண்டு எண்கள் வருவது. இதற்காகக் கருவியைக் குப்பையில் போட வேண்டாம். 2013 ஆம் ஆண்டின் சர்வதேசத் தர விதிப்படி, சாதாரண அளவுகளில், நூற்றுக்கு தொண்ணூற்றைந்து தடவை 15 வீதத்துக்குள் சரியாக இருந்தாலே கருவி ஏற்கப்படும். உண்மையான அளவு 8 என்றால் 6.8 முதல் 9.2 வரை எது காட்டினாலும் விதிக்கு உட்பட்டதே. ஆகவே 7.9க்கும் 8.4க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

எண் எதிர்பாராமல் மிகக் கூடி வந்தால் கையைப் பாருங்கள். மாம்பழம் உரித்த விரலில், லட்டு உருட்டிய விரலில், சர்க்கரைப் பொங்கல் பரிமாறிய விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு ஒரு துளி இரத்தத்தோடு கலந்தால் எண் ஏறிவிடும். ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில், பழம் உரித்த விரலை ஸ்பிரிட் பஞ்சினால் துடைத்த பின்னும் எண் பிழையாகவே வந்தது. தண்ணீரில் கழுவிய பின்னரே சரியாக வந்தது. ஆகவே சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீரும் கொண்டு கழுவி, நன்றாக ஈரம் துடைத்து, பின்னர் குத்துங்கள். ஈரம் இருந்தால் இரத்தம் நீர்த்து எண் குறையும். இளஞ்சூட்டு நீர் இரத்தத்தையும் விரல் நுனிக்கு வரவழைக்கும். குளிர்காலத்தில் விரலைப் பிழிந்து பிழிந்து எடுக்க வேண்டிய அவசியம் இராது.

பிழைச் செய்தி வந்தால் பெரும்பாலும் அதற்குக் காரணம் பட்டைதான். கருவி எத்தனை நல்லதாயினும் பட்டை கெட்டால் கணக்கும் கெடும். காலாவதித் திகதியைப் பாருங்கள். போத்தலை இறுக மூடி வையுங்கள். குளியலறையின் ஈரத்திலும், ஹீற்றருக்கு அருகிலும், காரின் உள்ளேயும் வைக்க வேண்டாம். பட்டைகளை வேறொரு டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். போதாத இரத்தமும் பிழைச் செய்தியைத் தரும்.

இன்சுலின் ஏற்றுபவர்களும் சீனியைத் தாழ்த்தக்கூடிய குளிசை எடுப்பவர்களும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். 4க்குக் கீழே வந்தால் உடனே இனிப்பு எடுக்க வேண்டும். சிறு கிளாஸ் பழரசம் அல்லது நான்கைந்து குளுக்கோஸ் வில்லைகள் போதும். கால் மணித்தியாலத்தின் பின் மீண்டும் பாருங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் இருக்கும்போது கருவி வேலை செய்யாவிட்டால், அதைத் திருத்திக்கொண்டிருக்காமல் முதலில் இனிப்பை எடுங்கள். விரத நாட்களுக்கும் இது பொருந்தும். கந்தசஷ்டி விரதம் பிடிக்க எண்ணுபவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் மருந்தின் அளவைப் பற்றிப் பேசிக்கொள்ளுங்கள்.

மேற்கையில் ஒட்டும் உணரி

இப்போது பலர் மேற்கையில் ஒரு சிறு வட்டத்தை ஒட்டிக்கொண்டு, கைத்தொலைபேசியில் சீனியைப் பார்க்கிறார்கள். இது இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்குக் கீழேயுள்ள நீரை அளக்கின்றது. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அந்த நீருக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் செல்லும். ஆகவே சாப்பிட்டவுடனும், வேகமாக நடந்த பின்பும், இனிப்பு எடுத்த உடனேயும் இரண்டு எண்களும் ஒத்துவரா.

இரவில் குறைவு என்று அலறி எழுப்பினால் நீங்கள் அந்தக் கையின்மேல் படுத்திருந்தீர்களா என்று பாருங்கள். உடற்பாரம் அழுத்தினால் எண் பொய்யாகக் குறையும். அலறவே இல்லையென்றால் தொலைபேசியைப் பாருங்கள். புளூடூத் அணைக்கப்பட்டிருக்கலாம். இரவு நேர மௌன நிலையில் இருக்கலாம். தொலைபேசியின் மென்பொருள் தானாகப் புதுப்பிக்கப்பட்ட பின் அனுமதிகள் மாறியிருக்கலாம். தொலைபேசி மாடியிலும் நீங்கள் கீழேயும் இருந்தால் தொடர்பு அறுந்துவிடும். புதுப்பிப்பு நடந்த ஒவ்வொரு தடவையும் அலாரம் வேலை செய்கின்றதா என்று பிள்ளைகளைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு சொல்வதும் உணரி சொல்வதும் முரண்பட்டால் விரலைக் குத்திப் பாருங்கள். அதற்காகப் பழைய கருவியையும் பட்டைகளையும் வீட்டில் வைத்திருப்பது அவசியம்.

ஒட்சிசன் மானி

கொவிட் காலத்தில் எமது வீடுகளுக்குள் வந்த கருவி இது. விரலின் ஊடாக இரு நிற ஒளியைச் செலுத்தி, எவ்வளவு மறுபக்கம் வந்து சேருகின்றது என்று பார்த்து ஒட்சிசனைக் கணக்கிடுகின்றது. குளிர்ந்த விரல், நகப்பூச்சு, பொய் நகம், அசைவு ஆகியவை கணக்கைக் கெடுக்கும். கையைச் சூடாக்கி, நகப்பூச்சை அகற்றி, எண் நிலைத்து நிற்கும் வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள்.

இதில் இரண்டு எண்கள் தோன்றும். ஒன்று ஒட்சிசன், மற்றது நாடித்துடிப்பு. நாடித்துடிப்பு 72 என்பதை ஒட்சிசன் 72 என்று வாசித்துப் பயப்படுபவர்கள் உண்டு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 98 என்ற எண்ணைத் தலைகீழாகப் பார்த்தால் 86 என்று தெரியும். எதிரே இருந்து பார்க்கும் மகன் பதறிவிடுவான். மறுபுறம், உண்மையான 86ஐத் தலைகீழாக வாசித்தால் 98 என்று நிம்மதியடையவும் கூடும். இது வேடிக்கையல்ல, ஆபத்து. எண்ணை வாசிக்குமுன் எழுத்துகள் நேராக உள்ளனவா என்று பாருங்கள்.

எம்மைப் போன்ற கறுத்த தோலுடையோர் அறிந்திருக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. 2020 டிசெம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒட்சிசன் உண்மையில் குறைந்திருந்தும் மானி அதைக் காட்டாமல் விடுவது கறுப்பின நோயாளரிடையே வெள்ளையரை விட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. தோலின் நிறம் ஒளியின் கணக்கைப் பாதிக்கின்றது. ஆகவே 95க்கு மேல் நல்லது என்பது பொது விதியாக இருந்தாலும், மூச்சு வாங்குகின்றது, உதடு நீலமாகின்றது, வசனத்தை முடிக்க முடியவில்லை என்றால் மானி எதைக் காட்டினாலும் 999ஐ அழையுங்கள். சாதாரணமாகச் சுகமாயிருப்பவருக்கு 92 அல்லது அதற்குக் கீழ் தொடர்ந்து காட்டினாலும் அவ்வாறே செய்ய வேண்டும். நீண்டகால சுவாசப்பை நோய் உள்ளவர்கள் தமக்குரிய எண்ணைத் தமது வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்கடிகாரமும் கைத்தொலைபேசியும்

குத்தாமல், ஊசியில்லாமல் சீனி பார்க்கும் கடிகாரம், மோதிரம் என்று விளம்பரங்கள் வருகின்றன. இவற்றை வாங்க வேண்டாம். தோலைத் துளைக்காமல் தாமாகவே சீனியை அளக்கும் கடிகாரம் எதையும் தாம் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் ஏற்றுபவர் உயிரோடு விளையாடுகிறார்.

இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். புதிய கைத்தொலைபேசிகள் சிலவற்றின் முதுகில் காந்தம் உள்ளது. நெஞ்சுப் பையில் அதை வைத்தால் பேஸ்மேக்கரின் இயக்கத்தை அது மாற்றக்கூடும். குறைந்தது 15 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். பேசும்போது மறு பக்கத்துக் காதில் வைத்துப் பேசுங்கள்.

பற்றறிகள்

கருவி மங்கலாகத் தெரிந்தாலும், பட்டிக்குக் காற்று முழுதாக ஏறாவிட்டாலும் முதலில் பற்றறியை மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போட வேண்டாம். நீண்ட நாள் உபயோகிக்காவிட்டால் பற்றறியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் கருவியே பாழாகும்.

காதுக்கருவியின் பற்றறியில் நிறக் காகிதம் ஒன்று ஒட்டியிருக்கும். அதைக் கழற்றியதும் காற்று உட்புகுந்துதான் பற்றறி வேலை செய்யத் தொடங்குகின்றது. கழற்றி ஒரு நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். கழற்றிய காகிதத்தைத் திரும்ப ஒட்டிப் பயனில்லை.

இப்பகுதியில் நான் சொல்ல விரும்பும் முக்கிய விடயம் பேரப்பிள்ளைகளைப் பற்றியது. சீனிக் கருவியிலும், தொலைக்காட்சி ரிமோட்டிலும், சிறு வெப்பமானியிலும், கோலு வைக்கும்போது ஏற்றும் பற்றறி விளக்குகளிலும் நாணயம் போன்ற தட்டையான பற்றறி இருக்கின்றது. குழந்தை அதை விழுங்கி அது தொண்டைக் குழாயில் தங்கினால், ஈரத்தில் மின்னோட்டம் உண்டாகிக் கடும் காரம் சுரந்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் குழாயை எரித்துவிடும். கருவியை இயக்கச் சக்தியற்றுப்போன பழைய பற்றறியும் இதைச் செய்யும். குழந்தை முதலில் அழாமலே இருக்கக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், உண்ணவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம், காத்திருந்து பார்க்கவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், பற்றறி விழுங்கியிருக்கலாம் என்று சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பழையவற்றை மேசையில் விடாமல் இரு பக்கமும் பசை நாடா ஒட்டிக் கடைகளில் உள்ள சேகரிப்புப் பெட்டியில் போடுங்கள்.

உதவிக்கு அழைக்கும் பொத்தான்

அளக்கும் கருவிகளைப் பற்றிச் சொன்னேன். ஆபத்தில் ஆட்களை அழைக்கும் கருவியும் ஒன்றுண்டு. தனித்து வாழும் முதியோர் பலர் கழுத்தில் ஒரு பொத்தானை அணிந்திருக்கிறார்கள். விழுந்தால் அழுத்த வேண்டும். அது வீட்டுத் தொலைபேசி வழியாக ஒரு நிலையத்தை அழைக்கும்.

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. அதனால் வீட்டில் மின்சாரம் நின்றாலும் அது வேலை செய்தது. பிரித்தானியாவில் அந்தப் பழைய முறையை முற்றாக நிறுத்தி, எல்லாவற்றையும் இணைய வழிக்கு மாற்றும் திட்டத்துக்கு 2027 ஜனவரி 31 எனக் காலக்கெடு குறிக்கப்பட்டது. புதிய முறையில் தொலைபேசி ரவுட்டரில் தங்கியிருக்கின்றது. மின்சாரம் நின்றால், அல்லது யாராவது ரவுட்டரை அணைத்துவிட்டுப் படுத்தால், தொலைபேசியும் இல்லை, பொத்தானும் இல்லை. சில பழைய பொத்தான் கருவிகள் புதிய இணைப்போடு பொருந்துவதுமில்லை.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, தொலைபேசி நிறுவனத்திடம் வீட்டில் அவசரப் பொத்தான் உண்டென்று சொல்லுங்கள். 2023 டிசெம்பரில் நிறுவனங்கள் அரசாங்கத்தோடு ஏற்றுக்கொண்ட உறுதிமொழியில் இத்தகையோருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்வெட்டு வேளையில் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது அவசர அழைப்பு எடுப்பதற்கு வழி செய்ய வேண்டுமென்பது தொலைத்தொடர்பு ஆணையத்தின் விதி. கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது, பொத்தான் வழங்கிய நிறுவனத்திடம் அது புதிய இணைப்பில் வேலை செய்யுமா என்று கேளுங்கள். மூன்றாவது, மாதம் ஒரு தடவை பொத்தானை அழுத்திப் பாருங்கள். சோதனைக்காக அழுத்தினேன் என்று சொன்னால் அவர்கள் கோபிப்பதில்லை. இந்த மாற்றத்தைச் சாட்டாக வைத்துத் தொலைபேசியில் வங்கி விபரம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்டால் உடனே வைத்துவிடுங்கள்.

முடிவாக

மேலே சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்வதானால், எண் பிழையாகத் தோன்றும்போது இந்த ஒழுங்கில் பாருங்கள். முதலில் ஆளைப் பாருங்கள். உடம்பு முடியாமல் இருந்தால் எண்ணை விட்டுவிட்டு உதவியை அழையுங்கள். ஆள் சுகமாயிருந்தால் அளந்த முறையைப் பாருங்கள். முறை சரியென்றால் பட்டி, பட்டை, பற்றறி ஆகியவற்றைப் பாருங்கள். அவையும் சரியென்றால் சிறிது நேரம் கழித்து மீண்டும் அளவுங்கள். அதன் பின்னும் ஐயம் தீராவிட்டால் கருவியையும் எழுதிய கொப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். எந்தக் கட்டத்திலும் மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தாய் தந்தையருக்குக் கருவியை வாங்கி அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஒரு சனிக்கிழமை அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, கையின் சுற்றளவை அளந்து, பட்டியைக் கட்டிக் காட்டி, செய்முறையைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அந்தப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். கருவியின் விலையை விட அந்த ஒரு மணித்தியாலம் அவர்களுக்குப் பெரியது.